நாடியைத் தணித்தவர்கள்

மனித சரீரத்தில், அளவில் சிறிதாயிருந்தும் இரத்தத்தில் செழித்த இடம் என்று தேடினால், நாசியின் உட்புறத்துக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை சிலவே. வெளியிலிருந்து புகும் காற்றை, அது நுரையீரலை எட்டுமுன் வெதுவெதுப்பாக்கி ஈரப்படுத்தும் பொறுப்பு அதனுடையதாகையால், அங்குள்ள மெல்லிய சவ்வின் அடியில் நுண்ணிய குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அந்த வலைக்கு இரத்தம் வந்து சேர்வதும் ஒரே வழியாக அன்று. கழுத்தில் மேலேறும் தமனி இரண்டாகப் பிரிந்த பிறகு, முகத்துக்குச் செல்லும் வெளிக்கிளை பின்புறத்திலிருந்தும், மூளைக்குச் செல்லும் உட்கிளை கண்குழி வழியாக மேற்புறத்திலிருந்தும் தத்தம் சிறு நாடிகளை அனுப்ப, அவை நடுச்சுவரின் முன்பகுதியில் வந்து கலக்கின்றன. 1879-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் லிட்டில் என்பவரும், சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் கீஸல்பாக் என்பவரும் எடுத்துக்காட்டிய அந்த இடந்தான், கோடை வெயிலில் ஓடியாடிவிட்டு வரும் குழந்தைகளுக்குச் சில்லுமூக்கு உடையும் இடம்.

இத்தகைய இடத்தில் ரண சிகிச்சை செய்யப் புகுந்தவர்களை வலியைக் காட்டிலும் அதிகமாக வருத்திவந்தது இரத்தந்தான். வயிற்றைத் திறந்தவர், இரத்தம் பீறிடும் குழாயைக் கண்ணால் கண்டு, இடுக்கியால் கவ்வி, நூலால் கட்டிவிடலாம். விரல்கூடச் சரியாக நுழையாத குகைக்குள் வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அங்கே இரத்தம் பெரும்பாலும் பீறிடுவதும் இல்லை. சுவரெங்கும் வியர்வை அரும்புவதுபோலக் கசிகிறது. கசிந்த சிறு துளியும் பார்வையை மறைத்துவிடுகிறது. மறைந்துபோன இடத்துக்கு அப்பால் இருப்பவையோ, காகிதம் போன்ற எலும்பு ஒன்றே காவலாக நிற்கும் கண், மேலே மூளையின் அடித்தளம், பின்னே பார்வை நரம்பு, அதை ஒட்டியே மூளைக்குச் செல்லும் தமனி. ஆகவே நாசியில் இரத்தத்தை அடக்குவது, நோயாளியின் இரத்தத்தை மிச்சப்படுத்துவதற்கான ஏற்பாடு மாத்திரமன்று. வைத்தியரின் கண்ணைத் திறந்து வைப்பதற்கான ஏற்பாடுமாகும்.

முதலில் கிடைத்த உபாயம் மேற்பூச்சு. 1884-ல் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டு உலகுக்கு அறிவித்தவுடன், அதே நகரத்து நாசி, தொண்டை வைத்தியர்களும் அதைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள்; அது மரக்கச் செய்வதோடு, சவ்விலுள்ள குழாய்களைச் சுருங்கவும் செய்கிறது என்பது அவர்களுக்கு எதிர்பாராமல் கிடைத்த லாபம். 1901-ல் ஜப்பானியரான ஜோகிச்சி தாகாமினே அமெரிக்காவில் அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்தெடுத்துத் தந்தபோது, குழாய்களைச் சுருக்கும் அந்த ஆற்றல் பன்மடங்கு பெருகிற்று. 1941-ல் மாஃபெட் என்ற ஆங்கிலேய வைத்தியர் கொக்கெய்ன், அட்ரினலின், சோடா உப்பு மூன்றையும் கலந்து, நோயாளியின் தலையை ஒரு விதமாகச் சாய்த்து வைத்து, அந்தத் திரவம் நாசியின் கூரைவரை தானே சென்று தேங்கும்படி செய்த முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மேற்பூச்சின் இந்த வம்சம் இன்றுவரை அறுபடவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் பெரிய மருந்துகளின் ஆரவாரத்தில் இந்தப் பழைய பஞ்சுத் திரியை மறந்துவிடுவது எளிது.

மேற்பூச்சோடு செய்யும் சிகிச்சையில் நோயாளி விழித்தபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தொண்டைக்குள் வழியும் இரத்தத்தைத் தாமே துப்பிவிடுவார். அவரை மயக்கிப் படுக்க வைத்தாலோ, அந்த இரத்தம் நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஐவன் மாகில், ராபோதம் என்ற இரு மயக்க வைத்தியர்கள், மூச்சுக்குழாய்க்குள்ளேயே ரப்பர் குழல் ஒன்றைச் செலுத்தி அதன் வழியாகச் சுவாசத்தை நடத்தும் வழக்கத்தை வகுத்த பிறகே, முகத்திலும் நாசியிலும் ஆழ்ந்த மயக்கத்தில் நீண்ட நேரம் வேலை செய்வது சாத்தியமாயிற்று. குழல் இரத்தத்தை நுரையீரலுக்குள் இறங்காமல் தடுத்ததே அன்றி, கசிவதை நிறுத்தவில்லை. அதை நிறுத்தத் துணிந்தவர்கள் வேறு துறையிலிருந்து வந்தார்கள்.

இங்கே இரத்த அழுத்தம் என்ற சொல்லின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எத்தனை அடி உயரத்துக்கு ஏறுகிறது என்று அளந்ததை வெளியிட்டார். ஆயினும் மனிதனின் கையில் துணிப்பட்டையைச் சுற்றிப் பாதரசத்தால் அழுத்தத்தை அளக்கும் எளிய கருவி 1896-ல்தான், இத்தாலியரான ரிவா-ரோச்சியின் வாயிலாக வந்தது. 1901-ல் பவியா நகருக்குச் சென்ற அமெரிக்க வைத்தியர் ஹார்வி குஷிங், அக்கருவியைக் கண்டு வியந்து, அதன் மாதிரி ஒன்றைத் தாம் பணிசெய்த பால்டிமோருக்குக் கொண்டுபோனார். மாணவப் பருவத்திலேயே மயக்கத்தில் ஆழ்ந்தவரின் நாடித்துடிப்பைத் தாளில் குறித்து வைக்கும் பழக்கத்தை நண்பர் காட்மனோடு சேர்ந்து ஏற்படுத்தியவர் அவர். இப்போது அந்தத் தாளில் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு கோடு சேர்ந்தது. அந்தக் கோடு கீழே இறங்காமல் காப்பதே மயக்க வைத்தியரின் தலையாய தர்மம் என்ற கொள்கை அன்று முதல் வேரூன்றிற்று.

அதே குஷிங், 1917-ல், மண்டையோட்டுக்குள் செய்யும் சிகிச்சைகளில் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தால் இரத்தம் அடங்கிய களம் கிடைக்கும் என்ற யோசனையை வெளியிட்டவர் என்பது இவ்வரலாற்றின் மிகப் பெரிய விசேஷம். காவல் காக்கக் கற்றுக்கொடுத்த கையே கதவைத் திறந்து வைக்கும் எண்ணத்தையும் கொடுத்தது. அந்த எண்ணம் செயலாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1946-ல் கிளீவ்லாந்து நகரத்து மூளை வைத்தியர் கார்ட்னர், நாசியின் கூரைக்கு நேர்மேலே, முகரும் நரம்புகள் படிந்திருக்கும் பள்ளத்தில் வளர்ந்த கட்டி ஒன்றை எடுப்பதற்காக, நோயாளியின் தமனியைத் திறந்து இரத்தத்தை வெளியே வடித்துச் சேமித்து, அழுத்தம் தாழ்ந்தபின் வேலையை முடித்து, கடைசியில் அந்த இரத்தத்தையே திரும்பச் செலுத்தினார். இரத்தம் போகாமலிருக்க இரத்தத்தை எடுப்பது என்ற இந்த முறையைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. இதன் ஆபத்து இழந்த அளவில் மாத்திரம் இல்லை. இரத்தம் குறைந்த சரீரம் தன்னைக் காத்துக்கொள்வதற்காகக் குழாய்களையெல்லாம் இறுக்கிக்கொள்கிறது. அழுத்தமும் தாழ்ந்து, குழாய்களும் இறுகிய நிலையில், சிறுநீரகம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் பிராணவாயு இருமுனையிலும் தடைபடுகிறது. விபத்தில் இரத்தம் இழந்து வெளிறிச் சில்லிட்டுக் கிடப்பவனின் நிலைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இதற்கு நேர் எதிரான வழி எடின்பரோ நகரிலிருந்து வந்தது. அக்காலத்தில் கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்புக்கு மருந்து இல்லாமையால், முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் பரிவு நரம்புகளை வெட்டிவிடும் பெரிய சிகிச்சை ஒன்று நடைமுறையில் இருந்தது. கிரிஃபித்ஸ், ஜான் கில்லிஸ் என்ற இரு மயக்க வைத்தியர்கள் 1948-ல் வெளியிட்ட கட்டுரையில், இச்சிகிச்சைக்காக முதுகுத்தண்டின் நீரில் மரப்பு மருந்தை மிக உயரம்வரை பரவவிட்ட அனுபவத்தை விவரித்தார்கள். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகள் யாவும் உறங்கிவிட, குழாய்கள் தளர்ந்து விரிந்து, அழுத்தம் வழக்கமான அளவில் பாதிக்குக் கீழே போயிற்று. ஆயினும் நோயாளியின் தோல் வெளிறவில்லை, சில்லிடவில்லை. இளஞ்சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கத்தி பட்ட இடமோ வறண்டு கிடந்தது. ஒரே எண்ணைக் காட்டும் இரு நிலைகள் முற்றிலும் வெவ்வேறானவை என்ற உண்மை, அந்த வெதுவெதுப்பான தோலைத் தொட்டுப் பார்த்தவர்களின் கைக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். கருவி காட்டுவது அழுத்தம். உறுப்புக்கு வேண்டுவது ஓட்டம். இந்தத் துறையின் பிற்கால வரலாறு முழுவதும், இந்த பேதத்தை மறந்தும் நினைவுகூர்ந்தும் சென்ற வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த ஜான் கில்லிஸே 1949 மார்ச் மாதத்தில், பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குக் காலின் இரத்த ஓட்டத்துக்காகப் பரிவு நரம்பை வெட்டிய சிகிச்சையின்போது மயக்கம் கொடுத்தவர். இத்தனை புகழ் பெற்றும், தாழ்ந்த அழுத்தத்தை அவர் ஒரு வெற்றியாகக் கொண்டாடவில்லை; சரீர தர்மத்தின் எல்லைக்குள் அத்துமீறிப் புகுவதாகவே அதை மதித்துப் பேசினார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு உயரம்வரை மரக்கச் செய்வது எல்லார் கைக்கும் வசப்படும் வித்தையன்று. அதே பலனைச் சிரையில் ஏற்றும் ஊசியால் தந்தவர்கள் லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பணிசெய்த வில்லியம் பேட்டன், எலினார் ஸைமிஸ் இருவரும். கரியணுக்கள் சங்கிலியாகக் கோத்த ஓர் எளிய ரசாயன இனத்தை அவர்கள் ஆராய்ந்தபோது, சங்கிலியில் பத்துக் கரியணுக்கள் இருந்தால் தசைகள் செயலிழப்பதையும், ஐந்து அல்லது ஆறாகக் குறைந்தால் தசைகளை விட்டுவிட்டு நரம்பு முடிச்சுகளை மாத்திரம் அந்த மருந்து அடைத்துவிடுவதையும் கண்டார்கள். ஐந்தின் பெயர் பென்டாமெதோனியம். ஆறின் பெயர் ஹெக்ஸாமெதோனியம்.

இம்மருந்துகளை முகத்துக்கும் நாசிக்கும் கொண்டுவந்த பெருமை ஸஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூருக்கு உரியது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்தோடு எரிந்து, மூக்கும் இமையும் உதடும் உருகிப்போன இளைஞர்களை ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற வைத்தியர் மீண்டும் மனித முகத்தோடு அனுப்பி வைத்த குயின் விக்டோரியா ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. நெற்றித் தோலை மடித்து மூக்கைச் செய்யும் வித்தை, 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தியாவிலிருந்து சென்ற செய்தியாக வெளியாகி, பின்னர் கார்ப்பியூ என்ற ஆங்கிலேயரால் பின்பற்றப்பட்ட வித்தை என்பதை நம்மவர் பெருமையோடு நினைக்கலாம். அந்த நாளில் அதைத் தாங்கிக்கொண்டவர்களுக்கு மயக்கமும் இல்லை, இரத்தத்தை அடக்கும் மருந்தும் இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் மயக்க வைத்தியர் ஹேல் எண்டர்பி, 1950-ல் லான்செட் பத்திரிகையில் பென்டாமெதோனியத்தைப் பயன்படுத்திய தம் முதல் அனுபவங்களை வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே மருந்துக்குச் சமமாக இன்னொன்றுக்கும் இடம் கொடுத்திருந்தார். அது நோயாளியைக் கிடத்தும் விதம். நரம்பின் பிடி தளர்ந்த குழாய்களில் இரத்தம், பள்ளம் நாடும் தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும்; மேஜையின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் கால்களில் தேங்கும்; வெட்டுப்படும் இடம் இதயத்துக்கு மேலே ஒவ்வோர் அங்குலம் உயரும்போதும் அங்குள்ள அழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பாதரசம் குறையும். மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, மேஜையைச் சாய்த்து, பூமியின் ஈர்ப்பையே உதவிக்கு அழைத்துக்கொண்ட இந்த யுக்தி, என் அபிப்பிராயத்தில், மருந்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. அந்தக் கணக்கிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. நாசி 10 அங்குலம் உயர்ந்தால் அதனோடு மூளையும் உயர்கிறது. கையில் கட்டிய பட்டை 70 என்று காட்டும்போது மூளைக்குக் கிடைப்பது 50-தான்.

அந்த ஆபத்து விரைவிலேயே வெளிப்பட்டது. புதுமையின் கவர்ச்சியில் பலரும், பழக்கமில்லாத கைகளும், அவசியமில்லாத சிகிச்சைகளிலும் அழுத்தத்தைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். ஹாம்ப்டன், லிட்டில் என்ற அமெரிக்க வைத்தியர்கள் மயக்க வைத்தியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, சுமார் 28,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 1953-ல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இறந்திருந்தது தெரியவந்தது. மூளையிலோ இதயத்திலோ இரத்தம் உறைந்தவர், சிறுநீர் சுரப்பு நின்றவர், சிகிச்சை முடிந்து அழுத்தம் மீண்டபின் கட்டுக்குள் மறுபடி இரத்தம் பெருகியவர் என்று, உயிர் தப்பியவர்களிலும் துன்பப்பட்டவர்கள் இருந்தார்கள். கண்டனங்கள் எழுந்தன, எழுந்ததும் நியாயமே. எண்டர்பி வாதத்தால் பதில் சொல்லாமல் வேலையால் பதில் சொன்னார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பு வைத்து, 1961-ல் 9,107 நோயாளிகளின் அனுபவத்தை, இறந்தவர்களையும் துன்புற்றவர்களையும் மறைக்காமல் வெளியிட்டார். பத்தாண்டுக்கு மேலாக ஒரே வேலையை ஒரே சிரத்தையோடு செய்து அதன் தோல்விகளையும் எண்ணி வைத்த அந்தப் பொறுமைக்கு எதிரே, மருந்து கண்டுபிடித்தவர்களின் புகழ்கூட எனக்குச் சற்று மங்கலாகவே தெரிகிறது.

அதன் பிறகு மருந்துகள் வரிசையாக வந்தன. முன்னர் சிட்கப்பில் குழலைச் செலுத்திய மாகிலே, 1953-ல், சொட்டுச் சொட்டாக ஏற்றி நிறுத்தியவுடன் வேகம் தணியும் ட்ரைமெட்டஃபான் என்ற மருந்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவராக இருந்தார். 1956 முதல் ஹாலோத்தேன் என்ற மயக்க ஆவி தானே அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தி வேலையை எளிதாக்கிற்று. ஆனால் நாசியில் அட்ரினலின் ஏற்றியிருக்கும்போது அந்த ஆவி இதயத்தின் தாளத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், நாசி வைத்தியரும் மயக்க வைத்தியரும் அளவைப் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நைட்ரோப்ரஸைட் என்ற உப்பு எல்லாவற்றிலும் வேகமானது; ஏற்றியவுடன் அழுத்தம் சரியும், நிறுத்திய சில நிமிஷங்களில் மீளும். வெளிச்சம் பட்டால் கெடுமாகையால் தகட்டுத் தாள் சுற்றித் தொங்கவிட்ட அந்தப் பாட்டில், 1970-களில் ஆஸ்பத்திரிகளில் பழகிய காட்சி. அளவு மீறினால் அது சரீரத்துக்குள் சயனைடு விஷமாகப் பிரிகிறது என்பதும், அதனால் உயிர்கள் போனதும் அதே காலத்தில் தெரியவந்தன.

இதற்குள் நாசி வைத்தியமே உருமாறிவிட்டது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர், பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப்பை நாசிக்குள் செலுத்தி, சளி எந்தத் திசையில் நகர்ந்து எந்தத் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1978-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருந்தார். அவர் மாணவர் ஸ்டாம்பெர்கரும், பால்டிமோரில் டேவிட் கென்னடியும், 1985 முதல் அந்தப் பார்வையைச் சைனஸ் சிகிச்சையாக உலகெங்கும் பரப்பினார்கள். பழைய முறையில் ஒரு துளி இரத்தம் தொல்லை. புதிய முறையில், கண்ணாடி முனையில் அந்த ஒரு துளி ஒட்டினால் உலகமே சிவந்து மறைந்துவிடும்.

அப்போதுதான் எடின்பரோவின் பழைய பாடம் திரும்பி வந்தது. 1995-ல் தென்னாப்பிரிக்காவில் பூஸார்ட்டும் அவர் சகாக்களும், நைட்ரோப்ரஸைடையும், இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் எஸ்மோலால் என்ற மருந்தையும் சைனஸ் சிகிச்சையில் ஒப்பிட்டார்கள். இரத்தமே இல்லாத களத்துக்குப் பூஜ்யம், உறிஞ்ச உறிஞ்சப் பெருகி வேலையே செய்ய முடியாத களத்துக்கு 5 என்று மதிப்பெண் வைத்துப் பார்த்ததில், எஸ்மோலால் பெற்றவர்களின் அழுத்தம் சிறிதளவே தாழ்ந்திருந்தும் அவர்கள் களம் வறண்டிருந்தது. நைட்ரோப்ரஸைடில் அழுத்தம் வெகுவாகச் சரிந்தும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம் யோசித்தால் விளங்கக்கூடியதே. நைட்ரோப்ரஸைட் எல்லாக் குழாய்களையும் விரிப்பதால் நாசிச் சவ்வும் பூரித்து நிற்கிறது. சரிந்த அழுத்தத்தை ஈடுசெய்ய இதயமும் படபடவென்று அடித்து அந்தச் சவ்வுக்கு மேலும் இரத்தத்தைத் தள்ளுகிறது. இதயத்தை நிதானப்படுத்தினாலோ, தள்ளப்படும் இரத்தம் குறைகிறது; சவ்விலுள்ள குழாய்கள் சுருங்கியபடியே இருக்கின்றன. கசிவது தந்துகிகளிலிருந்தும் சிரைகளிலிருந்துமே ஆகையால், அங்கே பாதரசத்தின் எண்ணைவிட இதயத்தின் நிதானமே பேசுகிறது.

இன்று ப்ரோப்போஃபால், ரெமிஃபென்டனில் என்ற இரு மருந்துகளைச் சிரையின் வழியே இடைவிடாமல் செலுத்தி, ஆவிகளைக் கூடியவரை தவிர்த்து நடத்தும் மயக்கம் பல இடங்களில் இவ்வேலைக்கு விரும்பப்படுகிறது. இதயம் நிமிஷத்துக்கு அறுபதை ஒட்டித் துடிக்கும்படியும், சராசரி அழுத்தம் 60-க்கும் 70-க்கும் இடையே நிற்கும்படியும் பார்த்துக்கொள்வார்கள். நெடுநாள் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், மூளைக்கோ இதயத்துக்கோ செல்லும் குழாய்கள் அடைபட்டவர்களுக்கும் அந்த அளவுகூடத் தகாது. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை, மற்றவர்களுக்குப் போதுமானதில் பட்டினி கிடக்கும். மேஜையின் தலைப்பக்கம் எண்டர்பி உயர்த்தியதுபோலவே சற்று உயர்த்தப்படுகிறது. நாசிக்குள் குழாய்களைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரி, மாஃபெட் காலத்தை நினைவூட்டியபடி, முதலிலேயே வைக்கப்படுகிறது. வேலை முடியும் தறுவாயில் மயக்க வைத்தியர் மருந்தைக் குறைத்து அழுத்தத்தை மெல்ல ஏறவிட, நாசி வைத்தியர் கருவியை வெளியே எடுக்காமல் காத்திருந்து, தாழ்ந்த அழுத்தத்தில் மறைந்து கிடந்த குழாய் ஏதேனும் இப்போது வாய் திறக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு தொண்டையில் வைத்த துணியை எடுத்து, எண்ணிச் சரிபார்த்து, உள்நாக்குக்கு மேலே அண்ணத்தின் பின்புறத்தில் இரத்தக்கட்டி எதுவும் தங்கியிருக்கிறதா என்று உறிஞ்சு குழாயால் துழாவுகிறார்கள். மூச்சுக்குழலை எடுத்தபின் அந்தக் கட்டி வழுக்கி மூச்சை அடைத்து முன்னாளில் எத்தனையோ உயிர்களை வாங்கியதால், மரண விசாரணை அதிகாரியின் கட்டி என்றே ஆங்கில வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மறைவிடத்தைப் பார்த்து முடிக்காமல் குழலில் கை வைக்க மாட்டார்கள்.